ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்த பஸ்

பெட்டிக்குள் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வெளிநாடு போனவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். இடத்தை வீணாக்குவானேன் என்று ஹெல்மெட்டுக்குள் ஊறுகாய் ஜாடியை வைத்துச் சுற்றிலும் துணியை அடைத்திருந்தேன். மலேசியச் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தார். எலுமிச்சை ஊறுகாய் வாசனை குப்பென்று வந்தது. ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டார்.

நான் போனது தங்கை வசந்தாவுக்காக. கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனவள், அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, வேலைக்கு அனுப்பிவிட்டு, இப்போது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலில் கிடந்தாள். கூடமாட இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கிளம்புவதற்கு முன்பு போனில் இரண்டு விஷயம் சொன்னாள்.

ஒன்று: "அவரு என் ஸ்கூட்டர் சாவிய உன்கிட்ட குடுப்பாரு. வேணாம்னு சொல்லிடாதக்கா, மனசு சங்கடப்படுவாரு."

இரண்டாவது, அவள் வீட்டுக்காரர் தனபாலனின் கவலை. அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். சீனப் பெருநாள், அதாவது சீனப் புத்தாண்டு, முடிந்ததும் பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை பேரில் ஒரு சமன் வரக்கூடாது என்று மனிதர் முட்டைமேல் நடக்கிற மாதிரி நடக்கிறாராம். சமன் என்றால் போலீஸ் எழுதிக் கொடுக்கும் அபராதச் சீட்டு. "அந்த லைசென்ஸ் போச்சுன்னா எங்க சோறு போச்சுக்கா" என்றாள் வசந்தா.

ஸ்கூட்டர் என்றதும் என் புத்தி காகிதத்துக்குப் போனது. திருச்சியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில், வாகன விபத்து க்ளெய்ம் பார்க்கும் மேசையிலேயே தலை நரைத்தவள் நான். ஊர் லைசென்ஸ் மட்டும் வெளிநாட்டில் போதாது. கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதைக் கிளம்புவதற்கு முன்பே நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்க வேண்டும். அந்தச் சின்னப் புத்தகத்தில் கார் கட்டத்தில் மட்டும் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள், இரு சக்கரக் கட்டத்திலும் குத்தியிருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகராமல் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். க்ளார்க் பெருமூச்சு விட்டார்.

அடுத்தது பயண இன்சூரன்ஸ். கையடக்கப் புத்தகத்தின் முன்பக்கத்தில் கடற்கரை, சிரிக்கிற குடும்பம். விலக்குகள் எல்லாம் கடைசிப் பக்கங்களில் எறும்பு எழுத்தில் இருக்கும். இரு சக்கர வண்டி ஓட்டி விழுந்தால் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் போட்டிருக்கும். அதையும் சேர்த்துத் தருகிற பாலிசியாகத் தேடி எடுத்தேன். அதிலும் நிபந்தனை: அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ், தலையில் ஹெல்மெட், சட்டத்துக்கு உட்பட்ட ஓட்டம். அதுவும் என் கை கால் உடைந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். நான் இன்னொருவரை இடித்துவிட்டால் அது அந்த வண்டியின் சொந்த இன்சூரன்ஸ் பாடு.

அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மட்டும் நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? எங்கள் வீட்டு மாப்பிள்ளை, ஆசையாகச் சாவி கொடுக்கப்போகிறவர். அவரிடம் போய் "பேப்பரைக் காட்டுங்கள்" என்றால் நன்றாகவா இருக்கும்? ஆபீஸில் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். ஆனால் அது ஆபீஸ்.

ஈப்போவில் சிலிபின் என்கிற பகுதியில் அவர்கள் வீட்டு வாசலில் டாக்ஸி நின்றபோது தனபாலன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆள் நல்ல ஆகிருதி, குரல் மட்டும் பூனைக்குரல். காப்பி குடித்து முடிக்கும் முன்பே சாவியைக் கொண்டுவந்தார்.

"அக்கா, வசந்தா மோட்டோ சும்மாதான் நிக்குது. நம்ம வூட்டு வண்டி, எடுத்து ஓட்டுங்க லா."

அங்கே ஸ்கூட்டரும் மோட்டோதான், பைக்கும் மோட்டோதான். பேச்சின் வாலில் ஒரு 'லா'வும் உண்டு. தங்கை சொன்னது ஞாபகம் வந்தது. "சந்தோஷம் மாப்பிள்ளை" என்று வாங்கிக்கொண்டேன். அவர் முகம் சற்று நேரம் என்னவோபோல ஆனது. பொம்பளை ஓட்டுவதில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது.

வாசலில் அவருடைய கியர் வண்டியும் நின்றது. என் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான், ஆகவே அதன் பக்கமே போகவில்லை. அவ்வளவு ஒழுங்கு நான்.

மறுநாள் காலையில் சீனப் பெருநாள். தெருமுனையில் சிங்க நடனத்துக்கு டமடமவென்று மேளம். பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் ஒரு பை நிறைய ஆரஞ்சும், குழந்தை தலையளவு ஒரு பம்ளிமாஸும் கொடுத்துவிட்டுப் போனாள். பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. பால் வாங்க வேண்டும் என்று நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள், ரோட்டோரத்தில் திடீரென்று எழுந்து நிற்கின்றன. எனக்கு மலையைவிட ரோடுதான் ஆச்சரியம். ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை. திருச்சியில் ஹாரன் இல்லாமல் நான் தெருவைத் தாண்டியதே கிடையாது. பழக்கதோஷத்தில் ஒரு தடவை அழுத்திவிட்டேன். சிக்னலில் நின்ற அத்தனை பேரும் திரும்பி, யாருக்கு என்ன ஆபத்து என்பதுபோலப் பார்த்தார்கள். அதோடு அந்தக் கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன்.

இன்னொன்று, பைக் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்கிறார்கள். முதுகு திறந்திருக்கும், நெஞ்சு மூடியிருக்கும். காற்றும் மழையும் முன்னாலிருந்துதானே வருகின்றன! இத்தனை வருஷம் நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லா வண்டிகளும் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்க, நானும் ஒதுங்கினேன். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெண் இலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்து ஏதோ சொன்னாள். ஒதுங்கி நின்ற தமிழ்ப் பையன் ஒருவன் மொழிபெயர்த்தான்: "மழை விட நேரமாகும், சாப்பிட்டுட்டே நில்லுங்கன்னு சொல்றாங்க ஆன்ட்டி." தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பல். மழையே விட வேண்டாம் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்தால், தனபாலன் குடையோடு கேட்டில் நின்றிருந்தார்.

"வந்துட்டீங்களாக்கா? எந்தப் பக்கம் போனீங்க? போலிஸ் ஏதும் நின்னுச்சா?"

"நின்னா என்ன மாப்பிள்ளை? என்கிட்ட எல்லாப் பேப்பரும் இருக்கு."

"அது சரிக்கா, அது சரி" என்று முனகிக்கொண்டே ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

அதற்கடுத்த நாளும் அதே கதை. நான் பாசார் போய் மீன் வாங்கிவிட்டு, பழைய டவுனில் திறந்திருந்த ஒரே கடையில் ஈப்போவுக்குப் பேர்போன வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு வந்தால், கேட்டில் இந்த மனிதர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வசந்தாவிடம் போய், "உன் வீட்டுக்காரருக்கு நான் வண்டி ஓட்டறது பிடிக்கலேன்னா நேரா சொல்லச் சொல்லு" என்றேன்.

"நான் ஓட்டறப்ப ஒருநாளும் இப்படி நின்னதில்லையே" என்றாள் அவள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டதுபோல ஆனது.

வெள்ளிக்கிழமை வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தால் மாரியம்மனுக்குப் புடவை சாத்துவதாக வசந்தா வேண்டியிருந்தாள். கோயில் இருப்பது சுங்காய் என்கிற ஊருக்குப் போகிற வழியில், தனபாலன் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்தில். புடவையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு நான் தயாரானேன்.

தனபாலன் சட்டை பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். "அக்கா, அது தூரங்க்கா. ஸ்கூல் லீவுதானே, பஸ்ஸு சும்மா நிக்குது. நான் இட்டுட்டுப் போறேன், பஸ்ல போலாம்."

"நான் ஓட்டிருவேன் மாப்பிள்ளை."

"ரோட்ல பெருநாள் நேரம்…"

"நான் ஓட்டிருவேன்."

நான் வீம்புக்கென்றே ஹெல்மெட் பட்டையை டக்கென்று மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஊரைத் தாண்டிப் பழைய நெடுஞ்சாலையில் ஏறியபின் மனசு லேசானது. காலை வெயில், இருபுறமும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை, சாலையோரம் கொய்யாவும் பம்ளிமாஸும் குவித்துவைத்த பந்தல்கள். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ்.

வேகத்தைக் குறைத்தேன். பஸ்ஸும் குறைத்தது. கூட்டினேன். அதுவும் கூட்டியது. அதன் பின்னால் கார்கள் வரிசைகட்டி, ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஹாரன் அடிக்காத அந்த ஊரிலேயே ஒரு லாரிக்காரன் அடித்துவிட்டுப் போனான். பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளைகூட இல்லை. ஓட்டுநர் இருக்கையில் தனபாலன், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். ரோட்டோரத்தில் ஓர் ஒட்டுக்கடை தெரிந்தது. தகரக் கூரை, இரண்டு மேசை, ஆவி பறக்கும் தோசைக்கல், அதன் பின்னால் ஓர் அம்மாள். ஸ்கூட்டரை ஓரம் கட்டினேன். பஸ்ஸும் ஓரம் கட்டியது.

"இறங்குங்க மாப்பிள்ளை" என்றேன். "என்ன இது? நான் என்ன ஸ்கூல் பிள்ளையா? என் லைசென்ஸைப் பாக்கணுமா? இன்டர்நேஷனல் பர்மிட் பாக்கணுமா? இந்தாங்க." பையைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்.

அவர் எதையும் பார்க்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு தே, நம் டீதான், கொண்டுவந்து வைத்தாள். அவர் அதையும் தொடவில்லை.

"உங்க பேப்பர்ல ஒன்னும் இல்லக்கா. மோட்டோ பேப்பர்தான்… மாத்தி."

மாத்தி என்றால் மலாயில் செத்துப்போனது. காலாவதியான எல்லாவற்றுக்கும் அங்கே அந்தச் சொல்தான்.

"எது மாத்தி?"

"ரோட்டு டேக்ஸு. இன்சூரன்ஸும்தான். வசந்தா ஓட்டலன்னு அப்படியே விட்டுட்டேன். அவளுக்குத் தெரியாது, பேப்பர் எல்லாம் நான்தானே பாக்கறது."

முன்பெல்லாம் ரோடு டாக்ஸை வில்லையாக வண்டியிலேயே ஒட்டியிருப்பார்களாம். இப்போது எல்லாம் போனுக்குள் போய்விட்டது, வண்டியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் தேக் கோப்பையைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் பால் வாங்கவும் மீன் வாங்கவும் நான் ஓட்டியது இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை. மழைக்கு ஓடி ஒதுங்கிய அவசரத்தில் யாரையாவது இடித்திருந்தால்? என்னுடைய அருமையான பாலிசியும் "சட்டத்துக்கு உட்பட்ட ஓட்டம் இல்லை" என்று கைவிரித்திருக்கும். நானாக இருந்தால் விரித்திருப்பேன்.

"உங்களுக்கு என்ன ஆகும் மாப்பிள்ளை?"

"இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய ஓட்டக் குடுத்தவனுக்கும் கேஸுதான்க்கா. கோர்ட்ல லைசென்ஸையே புடுங்கிருவாங்க. அப்புறம் பஸ்ஸ எங்க தொடறது?"

"பின்ன ஏன் சாவியக் குடுத்தீங்க?"

அவர் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க வேணாம்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்க்கா. வர்றவங்க எல்லாரும் வேணாம்னுதான் சொல்வாங்க. நான் இன்னொரு தடவ சொல்வேன், அவங்க இன்னொரு தடவ வேணாம்பாங்க. அப்புறம் நானே இட்டுட்டுப் போவேன். நீங்க மொத தடவையே வாங்கிட்டீங்க."

தோசைக்கல் அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மறுத்தால் வருத்தப்படுவார் என்று நான் வாங்கினேன். மறுப்பேன் என்று நம்பி அவர் கொடுத்தார். கேட்டால் மரியாதை இல்லை என்று நான் கேட்கவில்லை, சொன்னால் மரியாதை இல்லை என்று அவர் சொல்லவில்லை.

"அப்புறமாவது கட்டியிருக்கலாமே? போன்லயே கட்டலாமே?"

"எப்பவும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் அங்கிள் லிம்தான் செஞ்சு குடுப்பாரு. கடைய சாத்திட்டு பினாங்கு போயிட்டாரு, அம்மா வூட்டுக்கு."

"ஒரு போன் போட்டிருந்தா?"

"பெருநாள்ல போயி தொந்தரவு பண்ணா நல்லாவா இருக்கும்க்கா?"

"வேற ஆள்கிட்ட?"

"அங்கிள் என்ன நெனப்பாரு?"

திட்ட வாயைத் திறந்தால், என் மூஞ்சியே அங்கே உட்கார்ந்திருந்தது.

"மோட்டோவ என் கடைக்குப் பின்னால போட்டுட்டுப் போங்க" என்றாள் அந்த அம்மாள். "கோழிக்கூண்டு பக்கத்துல நிக்கட்டும். யாரும் தொடமாட்டாங்க. தே ஆறுது பாருங்க, குடிங்க மொதல்ல."

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு, புடவையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். சின்னப் பிள்ளைகளுக்கான சீட்டு, முட்டி இடித்தது. இரண்டு வளைவு தாண்டியிருப்போம், சாலையில் ஆரஞ்சுக் கூம்புகள். போலீஸ் ரோட்பிளாக்.

இருசக்கர வண்டிகளை மட்டும் இடது பக்கமாக ஒதுக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நிற்க, அதிகாரி ஒருவர் அவள் வண்டி எண்ணைக் கையிலிருந்த கருவியில் தட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் நின்றிருப்பேன். பர்மிட்டையும் பாலிசியையும் விசிறிபோல விரித்துக் காட்டியிருப்பேன், அவரோ வண்டி எண்ணைத் தட்டியிருப்பார். தனபாலனின் கழுத்தில் வியர்வை வழிந்தது. இன்னொரு போலீஸ்காரர் பஸ்ஸைப் பார்த்து, போ போ என்று கையசைத்தார்.

அடுத்த வளைவு தாண்டியதும் தனபாலன் ஒரு கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. கோயிலைச் சுற்றி மட்டும் பழைய ரப்பர் மரங்கள் சில நின்றன. பூசாரி புடவையை வாங்கி அம்மனுக்குச் சாத்தினார். தனபாலன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நானும் வேண்டிக்கொண்டேன்: அங்கிள் லிம்மின் அம்மா நன்றாக இருக்கட்டும், அவர் சீக்கிரம் கடை திறக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா கேட்டாள், "ஸ்கூட்டர் எங்கக்கா?"

தனபாலன் என்னைப் பார்த்தார். "வழியில மக்கர் பண்ணிருச்சு" என்றேன். "ஒரு கடையில விட்டிருக்கோம்."

"நான் வெச்சிருந்தவரைக்கும் பூ மாதிரி ஓடுச்சு. நீ என்னத்தப் போட்டு முறுக்கினியோ" என்று அவள் அன்றைக்கு முழுக்க என்னைப் படுத்தி எடுத்தாள். வண்டியைப் பற்றி யாரிடமும் பேச்சு வாங்காதவள் நான். வாயைப் பொத்திக்கொண்டு வாங்கினேன்.

அங்கிள் லிம் கடை திறந்த அன்று நானும் கூடப் போனேன். சிவப்பு விளக்குகள் தொங்கிய சின்ன அறை, மேசைமேல் ஒரு கூடை ஆரஞ்சு. தனபாலன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். லிம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலாயில் படபடவென்று பொரிந்தார். தனபாலன் தலையைக் குனிந்தபடி எனக்குத் தமிழில் சொன்னார்: "ஒரு போன் போட்டிருந்தா அங்கேர்ந்தே அஞ்சு நிமிஷத்துல செஞ்சிருப்பேனே, என்னை அந்நியனா நெனச்சிட்டியான்னு கேக்குறாருக்கா." பிறகு எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சைத் திணித்தார் அங்கிள் லிம்.

அங்கிருந்தே போய் பஸ் லைசென்ஸையும் புதுப்பித்தார் தனபாலன். வெளியே வந்தவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பைமேல் கையையும் வைத்துக்கொண்டார்.

பிறகு ஒட்டுக்கடைக்குப் போனோம். ஸ்கூட்டர் சீட்டின்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. நான் அதை விரட்டிக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே அவர் போனை நீட்டினார். "பாருங்கக்கா."

இந்த முறை நான் மரியாதை பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி எண், பெயர், தேதி, வேறு ஆள் ஓட்டலாமா என்பதுவரை வரி விடாமல் படித்தேன்.

"கோச்சுக்காதீங்க மாப்பிள்ளை."

"நல்லா பாருங்க லா. மொத நாளே கேட்டிருக்கலாம்க்கா நீங்க."

"நீங்க மொத நாளே சொல்லியிருக்கலாம்."

அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து மறைந்தே போனார். வழியில் இன்னொரு ரோட்பிளாக் இருந்தது. யாராவது நிறுத்த மாட்டார்களா என்று நான் வேகத்தைக் குறைத்து ஊர்ந்தேன், பை ஜிப்பைக்கூடப் பாதி திறந்துவைத்திருந்தேன். போலீஸ்காரர் கொட்டாவி விட்டபடி கையசைத்து அனுப்பிவிட்டார். அடிக்கடி கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு பனங்காய் லாரி மட்டும் வந்தது.

சிலிபின் தெருவில் திரும்பியதும் முதலில் கேட்டைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. யாரும் நிற்கவில்லை. நானே இறங்கி, நானே திறந்து, வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தினேன். கூடத்தில் விசிறிக்கு நேர்கீழே, பாயில், சட்டைப்பைமேல் வைத்த கையை எடுக்காமலே தனபாலன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"வந்ததும் விழுந்தவர்தான்" என்றாள் வசந்தா, கட்டிலிலிருந்து. "நாலஞ்சு ராத்திரியா புரண்டுக்கிட்டே கிடந்தாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. என்னக்கா விஷயம்?"

"ஒண்ணுமில்லடி, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் சாவியை ஆணியில் மாட்டினேன்.